நீர்மூழ்கியிலிருந்து மின்நிலையத்துக்கு: மறுபடி மாணவராகத் தயாரா?

அமெரிக்கக் கடற்படையின் அணு உலைப் பிரிவில் சேருகிற இளைஞர் ஆறு ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவர் என்றால், அந்த ஆறு ஆண்டு முடியும்போது வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும். அதற்குள் தென் கரோலினாவின் கூஸ் க்ரீக்கில் இருக்கும் கடற்படை அணுசக்திப் பள்ளியில் கணிதம், வெப்ப இயக்கவியல், உலை இயற்பியல், வேதியியல், கதிரியக்கப் பாதுகாப்பு என்று சுமார் ஆறு மாதம் படித்திருப்பார். அதன்பின் ஏறக்குறைய அதே அளவு காலம் ஓடுகிற உலை ஒன்றில் நேரடிப் பயிற்சி. பிறகு நீர்மூழ்கிக் கப்பலிலோ விமானந்தாங்கிக் கப்பலிலோ உலைப் பொறுப்பு. மெஷினிஸ்ட் மேட், எலெக்ட்ரீஷியன் மேட், எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் என்று பதவிகள் மூன்று. வெளியில் எல்லோருக்கும் சேர்த்து ‘நியூக்’ என்று ஒரே பெயர். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கடற்படை அவரை விட மனமில்லாமல் ஊக்கத்தொகையைக் காட்டும். மறுபடி கையெழுத்துப் போட்டால் சில பிரிவினருக்கு ஒரு லட்சம் டாலர் வரைகூடக் கிடைக்கும். வேண்டாம் என்று கிளம்பினால் உறவினர், நண்பர், மூத்த மாலுமிகள் எல்லோரும் முதலில் கைகாட்டும் கதவு ஒன்றுதான்: சிவில் அணுமின் நிலையம்.

அந்தக் கதவுக்குள் போகலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு ஒரே தடத்தில் ஓடுகிறது. ‘செய்த வேலைதானே, இரண்டு மடங்கு சம்பளம், தினமும் வீட்டுக்கு வரலாம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?’ என்பார்கள். அதில் சம்பளக் கணக்கு பெரும்பாலும் சரி. ‘செய்த வேலைதானே’ என்பதுதான் தவறு. சிவில் நிலையத்து வேலை கடற்படையில் செய்த வேலையின் தொடர்ச்சி போலத் தோன்றும் வேறொரு வேலை. அந்தத் தோற்றத்தை நம்பிப் போகிறவர் ஏமாறுகிறார். சில வேளைகளில் நிலையத்தையும் ஆபத்தில் தள்ளிவிடுகிறார். கற்றதை ஒருபுறம் எடுத்து வைத்துவிட்டு, தரைத்தளத்திலிருந்து மறுபடி படிக்க ஒப்புக்கொள்கிறவர் தயங்காமல் போகலாம். அவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. அதற்கு ஒப்பாதவர், எவ்வளவு திறமைசாலியானாலும், வேறு வழி பார்ப்பது நல்லது. என் நிலைப்பாடு இது. இதற்கு என்ன ஆதாரம் என்று சொல்லிவிட்டு, இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கும் வருகிறேன்.

இரண்டு வேலையும் ஒன்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் அணுமின்சாரம் கடற்படையின் வயிற்றில் பிறந்தது. ஹைமன் ரிக்கோவர் என்ற கடற்படை அதிகாரியின் பிடிவாதத்தால் உருவான நாட்டிலஸ் நீர்மூழ்கி 1955 ஜனவரியில் அணுசக்தியில் ஓடத் தொடங்கியது. மூன்றே ஆண்டுக்குள், 1957 டிசம்பரில், பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட்டில் அந்நாட்டின் முதல் முழு அளவு வணிக அணுமின் நிலையம் மின்சாரம் தந்தது. அதைக் கட்டி எழுப்பிய திட்டத்துக்கும் பொறுப்பாளர் ரிக்கோவரே. அழுத்தத்தில் கொதிக்காமல் நிற்கும் நீர் உலையின் வெப்பத்தை ஏந்திவந்து, நீராவி உற்பத்திக் கலனில் இன்னொரு நீரைக் கொதிக்க வைக்கும் அமைப்பு நீர்மூழ்கிக்கும் ஷிப்பிங்போர்ட்டுக்கும் பொது. இன்றைக்கு அமெரிக்காவில் ஓடும் 94 உலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வகைதான். ஆகவே ஒரு நியூக் இந்த நிலையங்களில் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே பாதி புரிந்துவிடும். சிக்கல் தொடங்குவதும் அந்தப் பாதி புரிதலில்தான்.

மீதிப் பாதியைப் பாருங்கள். கடற்படை உலையின் எரிபொருள் ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம். வர்ஜினியா வகை நீர்மூழ்கியில் ஒருமுறை வைத்தால் கப்பலின் ஆயுள் முழுக்க, முப்பது ஆண்டுக்கு மேல், மாற்ற வேண்டியதில்லை. சிவில் நிலையத்தில் செறிவு மூன்றிலிருந்து ஐந்து சதவீதம்தான். பதினெட்டு மாதத்துக்கோ இருபத்து நான்கு மாதத்துக்கோ ஒருமுறை உலையின் மூடியைத் திறந்து எரிபொருளை மாற்ற வேண்டும். கடற்படை உலை கப்பலின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிவில் உலை நூறு சதவீதத்தில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த எரிபொருள் மாற்றம் வரை அங்கேயே இருப்பதுதான் அதன் வெற்றி. இவை தவிர, மூன்றில் ஒரு பங்கு நிலையங்கள் கொதிநீர் வகை. உலைக்குள் உண்டாகும் நீராவியே நேராக டர்பைனுக்குப் போகும். உலை ஓடும்போது டர்பைன் கூடத்தில் கதிர்வீச்சு இருக்கும் என்பதே கடற்படையிலிருந்து வந்தவருக்குப் புதிய செய்தி. எல்லாவற்றுக்கும் மேலாக அளவு. நீர்மூழ்கியின் உலையைப் பெரிய சிவில் உலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு சிறியது. உலை பெரிதாக இருக்கும்போது, அதை நிறுத்திய பின்னும் அடங்காமல் வந்துகொண்டிருக்கும் வெப்பமும் பெரிதாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை உடம்பில் உணராததன் விலையை அமெரிக்கா ஒரு விடியற்காலையில் கொடுத்திருக்கிறது.

1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. பென்சில்வேனியாவில் சஸ்குவேஹன்னா ஆற்றின் நடுவே இருக்கும் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் உலை. நீராவிக் கலன்களுக்குப் போகும் நீர் தடைப்பட்டது, டர்பைன் நின்றது, சில விநாடிகளில் உலையும் தானாக நின்றது. அதுவரை எல்லாம் வடிவமைத்தபடிதான் நடந்தது. ஏறிய அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த வால்வு மட்டும் மறுபடி மூடிக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. அது அணைந்திருந்தது. ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டுவதே இல்லை. மூடச் சொல்லி மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்பதை மட்டுமே காட்டும். ஆணை போனது, வால்வு கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையின் நீர் அந்தத் திறப்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

அப்போது பணியில் இருந்த கட்டுப்பாட்டு அறைக் குழு முழுக்க முன்னாள் கடற்படை நியூக்குகள். அவசரக் குளிர்விப்பு நீர் தானாகவே பாயத் தொடங்கியிருந்தது. அதைத் தொடாமல் விட்டிருந்தால் எரிபொருள் பிழைத்திருக்கும். அவர்களோ நீரைக் குறைத்தார்கள். காரணம், உலையின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கலனில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போவதாகக் கருவி காட்டியது. அந்தக் கலனின் மேற்பகுதியில் ஒரு நீராவிக் குமிழ் எப்போதும் இருக்க வேண்டும். அது போய்க் கலன் முழுக்க நீர் நிரம்பிவிட்டால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அந்த நிலைக்கு ஒருநாளும் போகக்கூடாது என்ற பயம் கடற்படைப் பயிற்சியில் ஆழமாக ஊன்றப்படுவது. சின்ன உலையில் அந்தப் பயம் நியாயமானதே. மிச்ச வெப்பம் குறைவு என்பதால் நீரைக் கொஞ்ச நேரம் குறைத்தாலும் உடனே குடி முழுகிவிடாது. த்ரீ மைல் ஐலண்டின் இரண்டாம் உலை 2,700 மெகாவாட்டுக்கும் அதிகமான வெப்பத்தை உண்டாக்கியது. நிறுத்திய கணத்தில் அதில் ஆறு சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும், அதாவது 160 மெகாவாட்டுக்கும் கூடுதல். ஒரு மணி நேரம் கழித்தும் முப்பது மெகாவாட்டுக்கும் மேல். அந்த வெப்பத்தின் முன் நீரைக் குறைத்ததால் உலைக்கருவில் ஏறத்தாழ பாதி உருகியது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, அறியாதவர்களும் இல்லை. நன்றாகக் கற்றதை வேறொரு இயந்திரத்தில் உண்மையாகச் செய்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மனத்தை உறுத்துவதே அந்த உண்மைத்தன்மைதான்.

இதைக் கடற்படையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமில்லைதான். விபத்தை ஆராய்ந்த கெமனி ஆணையம் உலையைச் செய்த நிறுவனம், நிலையத்தை நடத்திய நிறுவனம், கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு எல்லோரையும் சேர்த்தே குறை சொன்னது. சிவில் பயிற்சியும் அதே பயத்தைத்தான் ஊட்டியது. பதினெட்டு மாதம் முன்னால், 1977 செப்டம்பரில், ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அதே வகை உலையில் அதே வால்வு இதே போலத் திறந்து நின்றது. அங்கேயும் ஆபரேட்டர்கள் நீரைக் குறைத்தார்கள். உலை குறைந்த திறனில் ஓடியதாலும், சுமார் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்ததாலும் தப்பியது. அந்தப் பாடம் பென்சில்வேனியாவுக்கு வந்து சேரவே இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: அமைப்பின் தவறுகள் எத்தனை இருந்தாலும், கட்டுப்பாட்டு அறையில் கை நீட்டுகிற மனிதர் முன்பு வேறு எங்கோ கற்ற பயத்தோடு கை நீட்டினார் என்பது மாறாது. விபத்துக்குப் பிறகு அமெரிக்க நிலையங்கள் தங்களுக்குள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள இன்போ என்ற அமைப்பை அதே 1979இல் தொடங்கின. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் சொந்தக் கட்டுப்பாட்டு அறையை அச்சாகப் பிரதி எடுத்த சிமுலேட்டர் வந்தது. பழைய பழக்கம் புதிய இயந்திரத்தில் எங்கே இடறுகிறது என்று பார்த்துத் திருத்துவதற்கான ஏற்பாடுகள் இவை.

அப்படியானால் நிலையங்கள் ஏன் இன்னும் நியூக்குகளைத் தேடிப் பிடிக்கின்றன? அவர்களிடம் இருக்கும் அறிவுக்காக என்பதைவிட, அவர்களிடம் ஏற்கெனவே ஊறிப்போன ஒழுங்குக்காக. ஓர் ஆணை கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘சரி’ என்று உறுதி செய்த பிறகே கை வால்வைத் தொட வேண்டும். செயல்முறை ஏட்டில் ஒவ்வொரு படியையும் தொடங்கும்போது எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, முடித்ததும் குறுக்கே கோடு இழுக்க வேண்டும். தன் தவறைத் தானே அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியுலகத்தில் இருந்து வரும் ஒருவருக்கு இது வேண்டாத சடங்கு போலப் படும். பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். நியூக்குக்கு முதல் நாளே இயல்பு. இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத இடத்தில், ஏட்டில் உள்ளபடியே செய்கிற மனிதரை எந்தக் கல்லூரியும் தயாரித்து அனுப்புவதில்லை. அந்த ஒழுங்கோடு புதிய அறிவு சேர வேண்டும். அது சேரும் இடம் கீழ்த்தளம்.

கீழ்த்தளம் என்று நான் சொல்வது லைசென்ஸ் இல்லாத ஆபரேட்டர் வேலையை. அவர் கட்டுப்பாட்டு அறையில் உட்காருவதில்லை. கையில் பதிவுக் கருவியோடு கட்டடம் கட்டடமாகச் சுற்றுகிறார். பம்ப்பின் எண்ணெய்க் கண்ணாடியில் மட்டம் எங்கே நிற்கிறது, எண்ணெய் பாலாக வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். பேரிங் கூட்டின் சூட்டையும் அதிர்வையும் கவனிக்கிறார். வால்வு தண்டின் அருகே உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிவு தெரிந்தால் போரான் கலந்த நீர் கசிகிறது என்று புரிந்துகொள்கிறார். டேவிஸ்-பெஸ்ஸியில் 2002இல் உலைக் கலனின் மூடியிலேயே ஒரு பெரிய குழி கண்டுபிடிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இந்தப் படிவு ஆறு அங்குலத்துக்கும் தடிமனான எஃகைத் தின்றுவிட, உள்பூச்சாக இருந்த மெல்லிய துருவேறா எஃகு மட்டும் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. பலகையில் இருக்கும் எந்த விளக்கும் அதைக் காட்டவில்லை. இரண்டு மூன்று ஆண்டு இப்படி நடந்து திரிந்தவர் பின்னாளில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு விளக்கைப் பார்க்கும்போது, அதன் பின்னால் இருக்கும் வால்வும் குழாயும் ஏணியும் வெக்கையும் அவர் கண்முன் நிற்கும். த்ரீ மைல் ஐலண்டில் விளக்குக்கும் வால்வுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நினைத்தால் இந்த அறிவின் மதிப்பு தெரியும்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடற்படையில் இஞ்சின் அறைக் கண்காணிப்பாளர் நிலை வரை உயர்ந்தவர்களையும் அதிகாரிகளாக இருந்தவர்களையும் சில நிலையங்கள் நேரடியாக மூத்த ஆபரேட்டர் லைசென்ஸ் வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒன்றரை, இரண்டு ஆண்டு படித்துத் தேறினால் ஒரு ஷிப்டையே மேற்பார்க்கும் பொறுப்பு, சம்பளமும் அதற்கேற்ப. அமெரிக்கத் தொழிலாளர் துறைப் புள்ளிவிவரத்தின்படி உலை ஆபரேட்டர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மேற்பார்வையாளர் அதற்கும் மேலே போவார். பிள்ளை குட்டி உள்ளவர், ஆறு ஆண்டு கடற்படையில் கழித்தவர், இன்னும் மூன்று ஆண்டு எண்ணெய்க் கண்ணாடி பார்த்துக்கொண்டிரு என்று சொன்னால் முகம் சுளிப்பார். சுளிக்க அவருக்கு உரிமையும் உண்டு. ஆனாலும் இரண்டு விஷயத்தை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஆபரேட்டருக்கே ஓவர்டைம் சேர்த்தால் குடும்பம் நடத்தத் தாராளமான வருமானம் வருகிறது. ஆக அவர் இழப்பது சில ஆண்டு வேகத்தை மட்டுமே. நேரடியாக மேலே போனவரோ, தன்னைவிடப் பதினைந்து ஆண்டு கூடுதலாக அந்தக் கட்டடத்தில் நடந்தவர்களுக்கு ஆணையிடும் இடத்தில் போய் நிற்கிறார். அவர்கள் சொல்லும் எச்சரிக்கையின் கனம் அவருக்குத் தெரியாமல் போகலாம். நேரடி வகுப்பிலும் நிலையத்துக்குள் நடக்க நேரம் ஒதுக்குகிறார்கள், மறுக்கவில்லை. வகுப்புக்கு நடுவே நடப்பதும், பொறுப்போடு தினமும் நடப்பதும் ஒன்றாகிவிடாது.

லைசென்ஸ் என்பதன் தன்மையும் கடற்படையில் பெற்ற தகுதிச் சான்றிலிருந்து வேறுபட்டது. என்.ஆர்.சி. என்னும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுவனத்துக்குத் தருவதில்லை. அந்த மனிதரின் பெயருக்குத் தருகிறது. உலை ஆபரேட்டருக்கு எழுத்துத் தேர்வில் 75 கேள்வி, மூத்த ஆபரேட்டருக்கு 100; எண்பது சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. அத்துடன் சிமுலேட்டர் தேர்வும், நிலையத்தில் நேரடிச் செய்முறைத் தேர்வும் உண்டு. லைசென்ஸ் ஆறு ஆண்டுக்கு. இடையில் இரண்டு ஆண்டுச் சுழற்சியில் மறுபயிற்சியும் தேர்வும் ஓயாமல் வரும். போதைப்பொருள், மதுச் சோதனைக்கு எந்த நாளும் பெயர் வரலாம்; பணிக்கு முந்தைய ஐந்து மணி நேரம் மது தொடக்கூடாது. வேலை நேரத்துக்கும் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது: 24 மணி நேரத்தில் 16, 48 மணி நேரத்தில் 26, ஏழு நாளில் 72 மணிக்கு மேல் கூடாது. தூக்கம் கெட்டு ஓடுவதையே வீரமாகப் பார்த்துப் பழகிய நீர்மூழ்கி மாலுமிக்கு, ‘களைத்துவிட்டேன், இந்த ஷிப்ட் என்னால் முடியாது’ என்று சொல்வதே கடமை என்று புரிய நாளாகும்.

களைப்பைவிடக் கொடியது சலிப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி; நூறு சதவீதத்தில் அசையாமல் நிற்கும் உலை; மாதக்கணக்கில் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. 1987 மார்ச் 31 அன்று பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தை மூடச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது. எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் பணி நேரத்தில் தூங்கியதுதான் காரணம். நிலையம் மறுபடி இயங்க இரண்டு ஆண்டு ஆனது. கப்பலில் இந்தச் சலிப்பைக் கடலும் பயிற்சி ஒத்திகைகளும் கலைத்துவிடும். நிலையத்தில் அதை அந்த மனிதரே தன்னுள் கலைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் தெரியாதது எது என்று தேடிக்கொண்டிருக்கும் குணம் இருந்தால்தான் அது முடியும். ‘எல்லாம் தெரியும்’ என்று வந்தவருக்கு மூன்றாவது ஆண்டிலேயே இந்த வேலை வறண்டுவிடும்.

இந்தத் தொழில் நிலைக்குமா என்ற சந்தேகமும் நியாயமானதே. 2013க்கும் 2022க்கும் நடுவே பன்னிரண்டு உலைகளுக்கு மேல் மூடப்பட்டன: விஸ்கான்சினில் கெவானி, வெர்மாண்ட் யாங்கி, நெப்ராஸ்காவில் ஃபோர்ட் கால்ஹூன், நியூயார்க் அருகே இந்தியன் பாயிண்ட் என்று பட்டியல் நீளும். லைசென்ஸ் அந்த நிலையத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், நிலையம் மூடினால் ஆபரேட்டர் கையில் இருப்பது வெறும் காகிதம். வேறு ஊர் போனால் மறுபடி முதல் வகுப்பு. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ஜார்ஜியாவின் வோக்டிலில் இரண்டு புதிய உலைகள் 2023, 2024இல் ஓடத் தொடங்கின. தரவு மையங்களுக்கு இரவும் பகலும் நிற்காத மின்சாரம் வேண்டியிருப்பதால், மூடிய நிலையங்களையே திறக்கும் முயற்சி நடக்கிறது. மிச்சிகனில் பாலிசேட்ஸ் அதில் ஒன்று. த்ரீ மைல் ஐலண்டில் விபத்துக்கு ஆளாகாத முதல் உலையின் மின்சாரத்தை இருபது ஆண்டுக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் 2024இல் ஒப்பந்தம் போட்டது. சில நிலையங்களுக்கு எண்பது ஆண்டு வரை ஓட அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் காற்று ஒருமுறை மாறியது போல மறுமுறையும் மாறும். அப்போது மேல் பதவியை மட்டும் பிடித்தவரைவிட, மறுபடி முதல் வகுப்பில் உட்காரப் பழகியவர் எளிதாகத் தப்பிப்பார். கெட்டியான நிலையமா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பே: மின்சந்தையின் ஏற்ற இறக்கத்தில் தவிக்கும் ஒற்றை உலை நிலையம் ஒரு ரகம்; அரிசோனா பாலைவனத்தில் பீனிக்ஸ் நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரால் குளிரும் பாலோ வெர்டேயின் மூன்று உலைகள் இன்னொரு ரகம்.

அந்தத் தரவு மையங்களே நியூக்குகளை நல்ல சம்பளத்தில் இழுத்துக்கொள்கின்றன. லைசென்ஸ் தேர்வும் இல்லை, நகரத்துப் பக்கத்திலேயே வேலை. ‘பிறகு எதற்கு இந்தப் பாடு?’ என்று கேட்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. பம்ப், ஜெனரேட்டர், குளிர்விப்பு என்று இயந்திரத்தோடு இருக்க வேண்டும், பொறுப்பின் பாரம் குறைவாக இருந்தால் போதும் என்பவருக்கு அது நல்ல இடம். கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கு முன்னாள் படைவீரர் கல்வித் திட்டம் முப்பத்தாறு மாதம் கைகொடுக்கும்; எக்ஸெல்சியர் போன்ற பல்கலைக்கழகங்கள் கடற்படைப் படிப்பைப் பட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்கின்றன. கதிர்வீச்சுக்குப் பயந்து விலக வேண்டியதில்லை; ஆண்டுக்கு ஐந்து ரெம் என்று சட்ட வரம்பு இருந்தாலும் பெரும்பாலானவர்கள் வாங்குவது அதில் ஒரு சிறு பகுதிதான். விலகத் தகுந்த காரணம் வேறு. கப்பல் வாழ்க்கை அலுத்ததா, உலையே அலுத்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்து, உலைதான் என்று பதில் வந்தால் விலக வேண்டும். குறுகிய படுக்கை, மாதக்கணக்கில் காணாத குடும்பம், கரைக்கு வந்த பின்னும் விடாத காவல் முறை இவற்றை வெறுத்தவர் நிலையத்துக்கு வந்தால் மலர்வார். தேர்வையும் ஏட்டையும் கேள்வி கேட்கும் மேலதிகாரியையும் வெறுத்தவர் வரக்கூடாது. இவை மூன்றும் நிலையத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும்.

நமக்கும் இந்தக் கேள்வி தொலைவில் இல்லை. அரிஹந்த் நீர்மூழ்கி 2016இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது, அரிகாத் 2024இல். அவற்றின் உலைக்கு முன்மாதிரி ஓடியது நம் கல்பாக்கத்தில். அந்தக் கப்பல்களில் பழகிய மாலுமிகள் வருங்காலத்தில் ஓய்வு பெற்று வெளியே வரும்போது, அதே கல்பாக்கத்தில் இருக்கும் மின்நிலையத்தின் 220 மெகாவாட் கனநீர் உலைகள் அவர்களுக்குப் புதிய இயந்திரம். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அழுத்த நீர் உலைகள் சொந்தக்காரர் போலத் தோன்றினாலும் அளவால் அந்நியம். முன்னாள் படைவீரர் என்றாலே வாசலில் காவலுக்கு நிற்பவர் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை உதறி, அவர்களை உலைக்குள் கொண்டுவர நேர்ந்தால், கீழ்த்தளத்திலிருந்து தொடங்கும் தனிப் பயிற்சி வழி ஒன்று இப்போதே திட்டமிடப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை.

அமெரிக்க நியூக்குக்குக் காலமும் வாய்ப்பும் கையில் இருக்கின்றன. ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டத்தில், மேலதிகாரி அனுமதித்தால், பணியின் கடைசி 180 நாள் வரை கடற்படைச் சம்பளத்திலேயே வெளி நிறுவனத்தில் வேலை பழகலாம். அந்த நாட்களில் நிலைய நிர்வாகத்திடம் சம்பளத்துக்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். ஷிப்டுக்கு எத்தனை குழு வைத்திருக்கிறீர்கள், ஐந்தா ஆறா? ஐந்து என்றால் விடுமுறையும் பயிற்சி வாரமும் நெருக்கடியில் மாட்டும். எரிபொருள் மாற்றும் மாதத்தில் ஓவர்டைம் எப்படி? கீழ்த்தளத்திலிருந்து லைசென்ஸ் வகுப்புக்குப் போனவர்கள் கடந்த சில வகுப்புகளில் எத்தனை பேர், தேறியவர்கள் எத்தனை பேர்? தோற்றவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்ததா? மனைவிக்கோ கணவருக்கோ அந்த ஊரில் வேலை உண்டா, பள்ளிக்கூடம் எப்படி என்று ஊர்க்காரர்களிடம் தனியே விசாரிக்க வேண்டும். பிறகு, அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு கள ஆபரேட்டரோடு ஓர் இரவுச் சுற்று முழுக்க நடந்துவிட்டு வர வேண்டும். அந்தச் சுற்றில் அவர் எத்தனை கேள்வி கேட்டார் என்பதை நிலையத்தாரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.